இலையின் பின்னால் வந்த கோடுகள்

அன்புள்ள அக்கா,

வெள்ளவத்தையில் பக்கத்து அடுக்குமாடி எழும்பிய பிறகு எங்கள் பின்வளவில் வெயிலே இல்லை. அங்கே பறவைக் கூடு போல விரியும் பன்னம் (ஃபேர்ன்) ஒன்றை நிலத்தில் நட்டேன். இப்போது இலைகளின் பின்புறம் மண்ணிறக் கோடுகள் வந்திருக்கின்றன. அடிப்பக்கமும் அழுகுகிறது. மருந்து அடிக்கலாமா? மாமரத்தில் கட்டலாம் என்றால், மரம் பட்டுப்போகும் என்று மாமி பயப்படுகிறார்.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

மருந்து வேண்டாம். அந்தக் கோடுகளைச் சுரண்டவும் வேண்டாம், அது நோய் இல்லை. பன்னம் பூக்காது, காய்க்காது. நடு நரம்பிலிருந்து சாய்வாகப் போகும் அந்தக் கோடுகளில்தான் அதன் வித்திகள், அதாவது விதைக்குப் பதிலான தூள், இருக்கின்றன. ஈரமான இடத்தில் ஒரு வித்தி விழுந்தால், முதலில் நகத்தைவிடச் சிறிய, இதய வடிவப் பச்சைத் துண்டு ஒன்று வரும். அதன்மேல் மெல்லிய நீர்ப்படலம் இருந்தால்தான் கருக்கட்டல் நடந்து புதுப் பன்னம் முளைக்கும். உங்கள் செடி ஆளாகிவிட்டது! வாசித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அழுகல்தான் கவலை. ஈரவலயக் காடுகளில் இந்தப் பன்னம் மரக் கவைகளிலும் பாறைகளிலும் இருக்கும். மேலிருந்து விழும் சருகைக் கூட்டில் பிடித்து வைத்து, அது உக்கியதும் அதிலிருந்தே உணவு எடுக்கும். வேர் பஞ்சு மாதிரி, ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். களிமண்ணில் புதைத்தால் வைகாசி மழையோடு மூச்சு முட்டிவிடும். என் முதல் செடியை, நல்ல பசளை போட்ட பாத்தியில் வைத்து, நானும் இப்படித்தான் இழந்தேன்.

ஆகவே உடனே கிளப்புங்கள். அழுகிய வேரை வெட்டிவிட்டு, பொச்சுமட்டையில் வைத்து, மாமரத்தின் தாழ்ந்த கவையில் தும்புக் கயிற்றால் கட்டுங்கள். மெல்லிய கிளை சரிவராது. இலை ஒரு மீற்றர் வரை நீளும், நனைந்த சருகும் சேர்ந்தால் நல்ல பாரம். கடற்காற்று நேரே அடிக்காத பக்கம் நல்லது. மழை குறைந்த தை, மாசியில் வேரும் மட்டையும் காயவிடாமல் நனையுங்கள். நடுவில் சுருண்டிருக்கும் குருத்தைத் தொடாதீர்கள், தழும்பு இலை விரிந்த பிறகும் இருக்கும். கூட்டில் விழும் மாவிலையைப் பொறுக்கிச் சுத்தம் செய்யவும் வேண்டாம், அதுதான் அதற்குச் சோறு.

மாமியிடம் சொல்லுங்கள், இது குருவிச்சை இல்லை. குருவிச்சை மரத்துக்குள் வேரை இறக்கிச் சாற்றை உறிஞ்சும். இது பட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான்.

இன்னொன்று வேண்டுமென்றால் நாற்றுமேடையில் வாங்குங்கள். காட்டிலிருந்து பிடுங்கி வந்ததை யார் தந்தாலும் வாங்காதீர்கள். உங்கள் மதிலில் பாசி பிடித்திருந்தால், இந்த மழை முடிந்த பிறகு குனிந்து பாருங்கள். அந்தப் பச்சைத் துண்டுகள் அங்கேயே இருக்கக்கூடும்.

அன்புடன்,
அக்கா