ஏழு சபைகள் இருந்த ஊர்களுக்குக் குழுவாகப் படிப்புப் பயணம் போவது பயனுள்ளதா?

நீங்கள் கேட்டது: வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் ஏழு சபைகளின் ஊர்களைப் பார்க்க உங்கள் சபையார் துருக்கிக்குக் குழுவாகப் போகிறார்கள், செலவு செய்து போக வேண்டுமா, வீட்டிலிருந்தே படித்தால் போதாதா?

போங்கள். ஆனால் பணம் கட்டுவதற்கு முன்னால் பயணத் திட்டத்தை வாங்கி, சர்தைக்கும் லவோதிக்கேயாவுக்கும் எவ்வளவு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள். எபேசுவுக்கு எல்லோரும் நேரம் தருவார்கள். மற்ற ஊர்களில் இறங்கி, படம் எடுத்து, ஏறுவதுதான் திட்டம் என்றால் அது சுற்றுலா, படிப்பு இல்லை.

நான் இப்படி ஒரு குழுவோடு போய் வந்தவன். முதலில் எனக்குப் பிடிபட்டது வரிசை. எபேசு, சிமிர்னா, பெர்கமு, தியத்தீரா, சர்தை, பிலதெல்பியா, லவோதிக்கேயா என்று வேதத்தில் இருப்பது ஒரு சாலையின் வரிசை. எபேசுவிலிருந்து வடக்கே கடலோரமாகப் போய், பெர்கமுவில் தென்கிழக்காகத் திரும்பி உள்நாட்டுக்குள் இறங்கும் வழி. இந்த ஏழு சபைகளுக்கும் யோவான் எழுதிய கடிதத்தைச் சுமந்து போனவன் அப்படித்தான் போயிருப்பான் என்பது அறிஞர்கள் பலர் ஏற்கும் கருத்து. இன்றைக்கு அதே வரிசையில் செல்சுக், இஸ்மிர், பெர்காமா, அக்ஹிசார், சார்த், அலாஷெஹிர், தெனிஸ்லி என்று பேருந்திலேயே போகலாம். உங்கள் குழுவும் இந்த வரிசையில் போனால் நல்லது.

சர்தையில் எங்களை மதிலின் கீழே நிற்க வைத்து, மேலே பார்க்கச் சொன்னார்கள். செங்குத்தான, உதிர்கிற மண்ணும் கூழாங்கல்லும் கலந்த மலை. அதன் உச்சியில் லீதிய அரசன் குரோசஸின் கோட்டை இருந்தது. இந்தப் பக்கம் யாரும் ஏற முடியாது என்று காவல் போடாமல் விட்டிருந்தார்கள். கி.மு. 546 வாக்கில் பாரசீக மன்னன் கோரேசு முற்றுகையிட்டபோது, ஒரு லீதிய வீரனின் தலைக்கவசம் கீழே விழ, அவன் இறங்கி வந்து எடுத்துக்கொண்டு போனதை எதிரி ஒருவன் பார்த்துவிட்டான் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் எரொடோட்டஸ் எழுதியிருக்கிறார். அந்த வழியாகவே ஏறிப் பிடித்தார்கள். மூன்று நூற்றாண்டு கழித்து செலூக்கிய மன்னன் மூன்றாம் அந்தியோகுவின் ஆட்களும் காவலில்லாத ஓர் இடத்தில் ஏறித்தான் நகருக்குள் நுழைந்தார்கள். இதைச் சொல்லி முடித்ததும் ஒருவர், சர்தை சபைக்கு எழுதிய "நீ விழித்திராவிட்டால், திருடனைப்போல் உன்மேல் வருவேன்" என்ற வசனத்தை வாசித்தார். சின்ன வயதிலிருந்து மனப்பாடமாகத் தெரிந்த வசனம். அந்த மலையடியில் நின்று கேட்டபோதுதான், இந்த ஊர்க்காரர்களுக்கு அது எங்கே குத்தியிருக்கும் என்று புரிந்தது.

அதே ஊரில் இன்னொன்றும் கற்றேன். சர்தையில் பிரம்மாண்டமான யூத ஜெப ஆலயம் இருக்கிறது. மொசைக் தரை, கழுகு செதுக்கிய கால்களோடு ஒரு பளிங்கு மேசை, இரண்டு பக்கமும் சிங்கங்கள். பார்த்தவுடன் "யோவான் காலத்து ஆலயம்" என்று நினைக்கத் தோன்றும். கிடையாது, கடிதம் எழுதப்பட்டுப் பல தலைமுறைக்குப் பிறகு கட்டியது. எபேசுவில் எல்லோரும் படம் எடுக்கும் செல்சஸ் நூலகத்தைப் பவுலும் பார்த்ததில்லை. அது இரண்டாம் நூற்றாண்டுக் கட்டடம். ஆனால் அப்போஸ்தலர் 19-இல் "எபேசியருடைய தியானாளே பெரியவள்" என்று கூட்டம் தங்கள் தேவிக்காகக் கத்திய அந்த அரங்கம், பிறகு விரிவாக்கப்பட்டிருந்தாலும், அதே இடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு கல்லிடமும் "இது எந்த நூற்றாண்டு?" என்று கேட்கப் பழக்குகிற குழுத் தலைவர் கிடைத்தால் நீங்கள் கொடுத்து வைத்தவர்.

லவோதிக்கேயாவுக்கு வருகிறேன், என்னைப் பொறுத்தவரை பயணத்தின் உச்சம் அதுதான். இந்தச் சபைக்கு எழுதிய "குளிருமின்றி அனலுமின்றி வெதுவெதுப்பாயிருக்கிறபடியினால்" என்ற வசனத்துக்குப் பிரசங்கங்களில் ஒரு விளக்கம் சொல்வார்கள்: பக்கத்து ஊரான எராப்போலியின் வெந்நீர் குழாயில் வந்து சேர்வதற்குள் வெதுவெதுப்பாகிவிடும் என்று. அங்கே நின்று பாருங்கள். வடக்கே, பள்ளத்தாக்குக்கு அப்பால், பாமுக்காலேயின் வெள்ளைச் சரிவு பளிச்சென்று தெரிகிறது, எராப்போலி அங்கேதான். ஆனால் ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்த கல் குழாய்கள் எராப்போலியிலிருந்து அல்ல, தெற்கே தெனிஸ்லிப் பக்கமிருந்து வருகின்றன. தண்ணீர் பிரித்துவிட்ட கோபுரத்தில் இன்னும் சுடுமண் குழாய்கள் பதிந்திருக்கின்றன. உள்ளே சுண்ணாம்பு அடுக்கடுக்காகப் படிந்து, துவாரம் பாதியாகச் சுருங்கிக் கிடக்கிறது. எங்கள் வீட்டு வெந்நீர்ப் பானையின் அடியில் படியும் உப்பைப் போலவேதான், விரல் தடிமனுக்கு. எங்கள் குழுவில் அன்று மாலை இதை வைத்துப் பெரிய விவாதம். தண்ணீரைப் பற்றியதே அல்ல, விருந்தில் திராட்சரசத்தைக் குளிரவைத்தோ சூடாக்கியோ பரிமாறும் வழக்கத்தைத்தான் வசனம் சொல்கிறது என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. போதகர் ஒரு பக்கம், கல்லூரி ஆசிரியர் ஒருவர் மறுபக்கம். வீட்டில் தனியாகப் படித்தால் இந்த விவாதம் கிடைக்காது. குழுவாகப் போவதற்கு நான் சொல்லும் முதல் காரணமே இதுதான்.

கி.பி. 60-இல் நிலநடுக்கத்தில் இடிந்த இந்த ஊர், ரோமிடம் உதவி வாங்காமல் தன் சொந்தப் பணத்தில் எழுந்து நின்றது என்கிறார் ரோம வரலாற்றாசிரியர் தாசித்தஸ். "எனக்கு ஒரு குறைவுமில்லை" என்ற வார்த்தையை அங்கே அகலமான தெருவில் நடந்துகொண்டே படித்துப் பாருங்கள்.

தியத்தீராவிலும் பிலதெல்பியாவிலும் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். இன்றைய ஊர்கள் அவற்றின் மேலேயே இருக்கின்றன. ஊர் நடுவே கொஞ்சம் இடிபாடு, சில செங்கல் தூண்கள், அவ்வளவுதான். பெர்கமுவில் மலை உச்சிக்குக் கேபிள் கார் உண்டு. ஆனால் கிரேக்கக் கடவுள் சேயுஸின் பலிபீடத்துச் சிற்பங்கள் பெர்லினில் இருக்கின்றன. மலையில் அடித்தளமும் மரங்களும்தான்.

அப்புறம், ஜூலை ஆகஸ்டில் போகாதீர்கள். இந்த இடங்களில் நிழலே கிடையாது. ஏப்ரல், மே அல்லது அக்டோபர் நல்லது. எபேசுவின் பளிங்குத் தெரு வழுக்கும், பிடிப்புள்ள காலணி வேண்டும். வயதானவர்கள் குழுவில் இருந்தால் மேல் வாசலில் இறங்கிக் கீழ்நோக்கி நடக்கும்படி ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள்.

கிளம்பும் முன் அப்போஸ்தலர் 19, வெளிப்படுத்தல் 1 முதல் 3 வரை, கொலோசெயர் 4 இவற்றைப் படித்துவிடுங்கள். கொலோசே தெனிஸ்லியிலிருந்து கொஞ்ச தூரம்தான், பெரும்பகுதி இன்னும் தோண்டப்படாத மேடு. பல திட்டங்களில் அது இருக்காது. லவோதிக்கேயாவுக்குப் போகும் நாளில் அதையும் சேர்க்க முடியுமா என்று இப்போதே கேட்டு வையுங்கள்.