பக்கவாதத்துக்குப் பின் எதிலும் நாட்டமில்லை: காந்தத் தூண்டலுக்கு முன்பணம் கட்டலாமா?

கேள்வி: என் கணவருக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம் ஆகிறது. நடக்கிறார், பேசுகிறார். ஆனால் தானாக எதையும் தொடங்குவதில்லை. பேரன் பிறந்த செய்திக்கும் "சரி" என்றதோடு சரி. மூளைக்குக் காந்தத் தூண்டல் கொடுத்தால் பழையபடி ஆகிவிடுவார், 30 சிட்டிங்குக்கு மொத்தமாகப் பணம் கட்டுங்கள் என்கிறது ஒரு மையம். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள்.

இது சோம்பலோ வீம்போ அல்ல. ஒரு காரியத்தைத் தொடங்க உந்துகிற மூளைப் பகுதிகள் அடிபட்டிருக்கின்றன. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இப்படி ஆகிறது. மனச்சோர்வில் துக்கமும் அழுகையும் இருக்கும். இதில் வருத்தம்கூட இருக்காது. டிஸ்சார்ஜ் சம்மரியில் கை பலம், கால் பலம், சர்க்கரை அளவு எல்லாம் இருக்கும், இதைப் பற்றி ஒரு வரி இருக்காது. பயிற்சிக் குறிப்பில் 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதிக் கைகழுவி விடுகிறார்கள். குடும்பம் தவித்துப்போய் நிற்கும்போதுதான் பேக்கேஜ்காரர்கள் வருகிறார்கள். அனுப்பிவைத்தவருக்குக் கமிஷன் உண்டா என்று நேராகவே கேளுங்கள்.

காந்தத் தூண்டல், அதாவது தலையை ஒட்டிக் காந்தச் சுருளை வைத்து மூளையைத் தூண்டும் சிகிச்சை, போலி அல்ல. மருந்துக்கு மசியாத மனச்சோர்வுக்கு 2008-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அந்தச் சான்றிதழைத்தான் உங்களிடம் நீட்டுவார்கள். உங்கள் கணவரின் பிரச்சினை அதில் இல்லை. இதற்கென்று நடந்த ஆய்வுகள் மிகச் சிறியவை. 2017-இல் வெளியான ஜப்பானிய ஆய்வில் இருந்தது 13 பேர், சிகிச்சை 5 நாள். முன்னேற்றம் தெரிந்தது உண்மைதான். அதை வைத்துப் 'பழையபடி ஆகிவிடுவார்' என்று ஒருவரும் வாக்குக் கொடுக்க முடியாது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். அவருக்கு வந்தது ரத்தக்கசிவா? தலைக்குள் ரத்தநாளத்தில் க்ளிப் போட்டார்களா? தலையை ஒட்டி வைக்கும் காந்தச் சுருள் உள்ளே இருக்கும் உலோகத்தை அசைக்கலாம், சூடாக்கலாம். "எம்ஆர்ஐ எடுத்தபோது ஒன்றும் ஆகவில்லையே" என்ற சமாதானத்தை ஏற்காதீர்கள். எம்ஆர்ஐ வேறு, இது வேறு. அறுவை சிகிச்சைக் குறிப்பின் நகலைக் கேட்டு வாங்குங்கள். பேஸ்மேக்கரோ காதுக்குள் பொருத்திய கருவியோ இருந்தாலும் சொல்லுங்கள். வலிப்பு வந்திருந்தாலும் அப்படித்தான். ஒரு கை மட்டும் இரண்டு நிமிடம் வெட்டியிழுத்திருந்தாலும் மறைக்காதீர்கள். இதையெல்லாம் விசாரிக்காமல் நாற்காலியில் உட்காரவைக்கிற இடத்தில் அவரை விடாதீர்கள்.

முதலில் நரம்பியல் மருத்துவரிடம் மருந்துப் பட்டியலோடு போங்கள். மனச்சோர்வு மாத்திரைகளில் சில உணர்ச்சியை மழுக்கும். ஆனால் நீங்களாக நிறுத்தக் கூடாது. தைராய்டு, சோடியம், தூக்கத்தில் மூச்சுத்திணறல், இவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் "குளிக்கிறீர்களா?" என்று கேட்டால் "அப்புறம்" என்பார். துண்டைக் கையில் கொடுத்து "வாங்க, குளிக்கலாம்" என்று எழுப்புங்கள், எழுந்துவிடுவார். தினமும் அதே நேரத்தில் செய்யுங்கள்.

அதன் பிறகும் தூண்டல் வேண்டுமென்றால், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நெறிமுறைக் குழு ஒப்புதலோடு ஆய்வு நடக்கிறதா என்று விசாரியுங்கள். ஆய்வில் சேர்த்துக்கொண்டு சிகிச்சைக்கும் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.