டாக்டர் பேசியதை மென்பொருளே எழுதிவிடுகிறது என்றால், அதைத் திருத்த ஆள் எதற்கு?

டாக்டர்கள் பேசிப் பதிவு செய்யும் நோயாளிக் குறிப்புகளை எழுத்தாக்கும் வேலையைத்தான் பெங்களூர் அல்சூரில் இருந்துகொண்டு பதினோரு வருடமாகச் செய்கிறேன். முன்பெல்லாம் காதில் ஹெட்போன், ஆடியோவை நிறுத்தி ஓட்டக் காலடியில் பெடல், அமெரிக்க டாக்டர்கள் பேசப் பேச நாங்களே டைப் செய்வோம். இப்போது மென்பொருள் எழுதித் தருகிறது, நாங்கள் ஆடியோவைக் கேட்டுத் திருத்துகிறோம்.

ஆள் தப்பாக அடித்தால் எழுத்துப்பிழை கண்ணை உறுத்தும். மென்பொருள் எழுத்துப்பிழை விடுவதே இல்லை. தப்பான சொல்லையும் சரியான ஸ்பெல்லிங்கில், வாக்கியத்தோடு ஒட்டி உட்கார வைத்துவிடும். படித்தால் சந்தேகமே வராது. எனக்குப் பயம் அதில்தான்.

ஒரு ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'எவிடென்ஸ் ஆஃப் மெட்டாஸ்டாசிஸ்' என்று வந்தது. புற்றுநோய் வேறு இடத்துக்குப் பரவியிருக்கிறது என்று அர்த்தம். ஆடியோவைப் பின்னால் இழுத்து மூன்று முறை கேட்டேன். டாக்டர் மூச்சு வாங்கும் சத்தத்தோடு சேர்ந்து, முன்னால் ஒரு 'நோ' இருந்தது. தமிழில் எழுதினால் ஒரே எழுத்து. அது இல்லாமல் போயிருந்தால் அந்தக் குடும்பத்துக்கு எப்படி இருந்திருக்கும்!

குறைவு என்று சொல்லும் ஹைப்போ, அதிகம் என்று சொல்லும் ஹைப்பர் ஆகும், ஃபிஃப்டீன் ஃபிஃப்டி ஆகும். விழுங்கச் சிரமப்படும் டிஸ்ஃபேஜியா, பேச்சு தடுமாறும் டிஸ்ஃபேசியாவாக மாறும். மருந்துப் பெயர்கள் இன்னும் மோசம். வயிற்று அமிலத்துக்கான லோசெக், சிறுநீர் பிரியச் செய்யும் லேசிக்ஸுடன் குழம்பியதால் 1990-ல் அமெரிக்காவில் அதன் பெயரையே ப்ரைலோசெக் என்று மாற்றினார்கள். மனிதர்களே குழம்பிய இடம் அது. அதனால் மருந்து வந்தால் மேலே போய் நோய் என்ன என்று பார்ப்பேன். ரத்த அழுத்தம் குறைவு என்று எழுதிவிட்டு, கீழே அதை இன்னும் குறைக்கிற மாத்திரை இருந்தால் எங்கோ இடிக்கிறது. மறுபடி கேட்க வேண்டும்.

கேட்டும் புரியவில்லையா? பிளாங்க் விட்டு, ஆடியோவில் எத்தனையாவது நிமிடம் என்று குறித்து அனுப்பிவிட வேண்டும். சமீபத்தில் சேர்ந்த வேலூர்ப் பெண் ஒருத்தி, "அக்கா, மூணு பிளாங்க் விட்டா மார்க் குறைப்பாங்களே" என்றாள்.

"குறைக்கட்டும்மா. நீ குத்துமதிப்பா எழுதினா, அதை நம்பித்தானே அங்க ஊசி போடுவாங்க" என்றேன்.