சிவப்பு மட்டும் எரிகிறதா? பல வண்ண டார்ச் கேள்வி பதில்

மதுரையில் 19 வருடமாக டார்ச், எமர்ஜென்சி லைட் பழுது பார்க்கிறேன். வெள்ளையோடு சிவப்பு, பச்சை, நீலமும் எரிகிற டார்ச் பற்றித்தான் இந்த மழைக்காலத்தில் அதிகம் கேட்டார்கள். அந்தக் கேள்விகளும் என் பதில்களும் இங்கே. முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: வாரன்டி பாக்கி இருக்கிற டார்ச்சின் தலைப்பகுதியை யாரும் கழற்றாதீர்கள். பின்மூடியைத் திறந்தே முக்கால்வாசிக் கோளாறைக் கண்டுபிடித்துவிடலாம்.

அண்ணா, ராத்திரி மோட்டார் போட வயலுக்குப் போகும்போது எடுத்துப் போகிற டார்ச். மூன்று சின்ன செல் போடுவது. வாங்கி நாலு மாதம்தான் ஆகிறது. இப்போது சிவப்பு மட்டும் எரிகிறது, மற்ற மூன்றும் எரியவில்லை. மாற்றிக் கேட்கலாமா? (கோபிசெட்டிபாளையம்)

பொறுங்கள், முதலில் செல்லை மாற்றிப் பாருங்கள். சிவப்பு எல்இடிக்கு ஏறக்குறைய 2 வோல்ட் இருந்தால் போதும். பச்சை, நீலம், வெள்ளை மூன்றுக்கும் 3 வோல்ட் வேண்டும். வெள்ளை எல்இடி என்பதே நீலச் சில்லின் (வெளிச்சம் விடுகிற சின்னத் துண்டின்) மேல் மஞ்சள் பூச்சு பூசியதுதான். அதனால் நீலத்துக்கு வேண்டிய வோல்ட் அதற்கும் வேண்டும். புதிய செல் மூன்று சேர்ந்தால் 4.5 வோல்ட். ஒவ்வொன்றும் 1 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டால் மொத்தம் 3தான் மிஞ்சும், அதிலும் கொஞ்சம் எல்இடிக்குப் போகிற வழியிலேயே குறைந்துவிடும். அப்போது சிவப்பு மட்டும் தாக்குப்பிடிக்கும்.

பழைய செல்லோடு புதுசைக் கலக்காமல், மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள். சார்ஜ் செய்கிற செல் போட்டிருந்தால் அது ஒன்று 1.2 வோல்ட்தான் என்பதையும் நினைவில் வையுங்கள். மூன்று சேர்ந்தும் 3.6 என்பதால் நீலம் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும், அது கோளாறு இல்லை. புது செல் போட்ட பிறகும் சிவப்பு மட்டும்தான் எரிகிறதென்றால், அப்புறம் வாரன்டிக்குப் போகலாம்.

எனக்கு நேர் எதிர். வானம் பார்க்கப் போகும்போது கண் கூசாமல் இருக்கச் சிவப்பு வெளிச்சம்தான் வேண்டும். அது ஒன்றுதான் எரியவில்லை, மற்றதெல்லாம் பளிச்சென்று எரிகிறது. (ஏலகிரி)

அப்படியானால் பேட்டரியைச் சந்தேகப்பட வேண்டியதே இல்லை. 3 வோல்ட் கேட்கிற நீலமே எரியும்போது, 2 வோல்ட் கேட்கிற சிவப்பு எரியாமல் போகக் காரணம் உள்ளேதான் இருக்கிறது. சிவப்புச் சில்லு செத்திருக்கலாம், ஈயப்பற்று விட்டிருக்கலாம், அல்லது அந்த நிறத்துக்கு மின்சாரம் விடுகிற டிரான்சிஸ்டர் போயிருக்கலாம். மூன்றுமே தலைப்பகுதிக்குள் இருக்கிறவை. நீங்கள் கையே வைக்காதீர்கள், நேராக மாற்றிக் கேளுங்கள். கடையில் பேசும்போது மேலே சொன்ன வோல்ட் கணக்கையும் சொல்லுங்கள். “செல் வீக்காக இருக்கும்” என்று உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது.

வெள்ளை வெளிச்சம் மஞ்சளாக வருகிறதே? (தஞ்சாவூர்)

உங்கள் டார்ச்சில் தனியாக வெள்ளைச் சில்லு இல்லை என்று தெரிகிறது. சிலவற்றில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் சேர்த்து எரியவிட்டு வெள்ளை காட்டுவார்கள். அதில் நீலம் விழுந்தால் மஞ்சள், பச்சை விழுந்தால் ரோஜா நிறம், சிவப்பு விழுந்தால் நீலப்பச்சை வரும். நீலத்தைத் தனியாகப் போட்டுப் பாருங்கள். புது செல்லிலும் அது எரியாவிட்டால் வாரன்டி கேட்க அதுவே போதுமான காரணம்.

மழையில் நனைந்தது. இப்போது ஒரு நிறமும் எரியவில்லை தம்பி. (நாகர்கோவில்)

அம்மா, பின்மூடியைத் திறந்து ஸ்பிரிங்கைப் பாருங்கள். பச்சையாகக் களிம்போ, வெள்ளையாக உப்புப் பொரிந்தது போலவோ இருக்கிறதா? வெள்ளைப் பொருக்கு என்றால் செல் ஒழுகியிருக்கிறது. ஆல்கலைன் செல் என்றால் அது காரம், எதுவானாலும் வெறும் கையால் தொடாதீர்கள். பஞ்சுக் குச்சியில் இரண்டு சொட்டு வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்தால் லேசாக நுரைத்து விட்டுவிடும். பிறகு ஈரம் போகத் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள்.

ஸ்பிரிங் சுத்தமாக இருந்தால் சுவிட்சைச் சோதிக்க வேண்டும். இந்தச் சோதனை சுவிட்ச் பின்மூடியில் இருக்கிற டார்ச்சுக்கு மட்டும். செல் உள்ளே இருக்கட்டும், மூடி வெளியே இருக்கட்டும். ஒரு ஊக்கை விரித்து, ஒரு முனையைச் செல்லின் அடிப்பக்கத்தில் வையுங்கள். இன்னொரு முனையை உடல் குழாயின் விளிம்பில், பூச்சு இல்லாமல் வெள்ளி போல் மின்னுகிற இடத்தில் தொடுங்கள். ஒரு நொடி போதும். விளக்கு எரிந்தால் தலை நன்றாக இருக்கிறது, கோளாறு சுவிட்சில். எரியாவிட்டால் வேறு செல் போட்டு ஒரு தடவை பார்த்துவிட்டு வாரன்டிக்கு அனுப்புங்கள். மூடி திருகுகிற மரைப் பகுதியில் ஊக்கை வைத்துவிட்டு “எரியவில்லை” என்று முடிவு கட்டாதீர்கள். அங்கே பெரும்பாலும் மின்சாரம் கடத்தாத பூச்சு இருக்கும்.

புதுசாக வந்த டார்ச் சார்ஜே ஏறவில்லை. போனுக்குப் போடுகிற டைப் சி சார்ஜர்தான் போட்டேன். (கோயம்புத்தூர்)

இரண்டு பக்கமும் டைப் சி முனை உள்ள கேபிளா? அதை எடுத்துவிட்டு, ஒரு பக்கம் பழைய தட்டை முனை இருக்கிற கேபிளைப் போடுங்கள். டைப் சி சார்ஜர், எதிர்ப்பக்கம் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கிறதா என்று பார்த்துத்தான் மின்சாரம் விடும். விலை குறைந்த டார்ச்சுகளில் அந்த ரெசிஸ்டரை வைக்காமல் விட்டுவிடுகிறார்கள். பழைய முனை அப்படிப் பார்ப்பதில்லை, ஏறிவிடும். அதற்கு முன்னால், பேட்டரியின் முனையில் ஒட்டியிருக்கிற மெல்லிய பிளாஸ்டிக் வட்டத்தை எடுத்தீர்களா? கண்ணுக்கே சரியாகத் தெரியாது, நகத்தால் நெருடினால்தான் தெரியும்.

நான் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவன். அந்தக் காலத்து மூவண்ண டார்ச் வருடக்கணக்கில் உழைத்தது. இப்போது ஏன் ஒரு நிறம் மட்டும் போகிறது?

ஐயா, அந்த மாதிரி டார்ச்சில் பல்பு ஒன்றுதான், அதன் முன்னால் சிவப்பும் பச்சையும் கண்ணாடியாக நகர்ந்து வரும். பல்பு போனால் எல்லாமே போகும், புது பல்பு போட்டால் எல்லாமே திரும்பி வரும். இப்போது நிறத்துக்கு ஒரு சில்லு, ஒவ்வொன்றுக்கும் தனிப் பாதை, அதனால் ஒன்று மட்டும் போகிறது. சிக்னல் காட்டுகிற வேலைக்கு ஒட்டுப்போட்ட டார்ச்சை நான் யாருக்கும் கொடுப்பதில்லை. சிவப்பு எரிய வேண்டிய நேரத்தில் எரிந்தே ஆக வேண்டும்.

வாங்கி 12 நாள்தான் ஆகிறது, பச்சை எரியவில்லை. “விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது” என்று பில்லிலேயே அச்சடித்திருக்கிறது என்கிறார் கடைக்காரர். (விருதுநகர்)

அந்த வரி குறையுள்ள பொருளுக்குச் செல்லாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பதை நியாயமற்ற வணிக முறை என்கிறது. பில் கொடுக்காமல் இருப்பதும் அந்தப் பட்டியலில்தான் வருகிறது. சண்டை போட வேண்டாம், இதை நிதானமாகச் சொல்லுங்கள். அதற்கும் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள், தமிழிலேயே பேசலாம்.

இணையத்தில் வாங்கியவர்களுக்கும் ஒன்று. விற்பனைத் தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததென்று ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். 2020இல் வந்த மின்வணிக விதி அது.

கம்பெனிக்கு எப்படி எழுதுவது? போனில் பேசினால் “பார்க்கிறோம்” என்றே சொல்கிறார்கள். (சேலம்)

போனில் சொன்னதற்குச் சாட்சி இல்லை, எழுதுங்கள். பெட்டியைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறீர்களா? புகாருக்கான முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல் மூன்றும் பெட்டியின் மேல் இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த மின்னஞ்சலுக்கே அனுப்புங்கள். நான் வாடிக்கையாளர்களுக்கு எழுதித் தருவது இப்படித்தான்:

“இந்த மாடல் டார்ச்சை இந்தத் தேதியில், இந்த பில் எண்ணில் வாங்கினேன். வெள்ளை, பச்சை, நீலம் எரிகின்றன, சிவப்பு எரியவில்லை. புது செல் போட்டும் அப்படியே இருக்கிறது. தலைப்பகுதி திறக்கப்படவில்லை. வாரன்டிப்படி மாற்றித் தாருங்கள். பில் படமும் வீடியோவும் இணைத்திருக்கிறேன்.”

வீடியோ அரை நிமிடம் போதும், நடுவில் வெட்டக்கூடாது. முதலில் வரிசை எண்ணைக் காட்டுங்கள். செல் பாக்கெட்டைக் கேமரா முன்னாலேயே பிரித்துப் போட்டு, மூடியை இறுக்கி, ஒவ்வொரு நிறமாக வெள்ளைச் சுவரில் அடித்துக் காட்டுங்கள். எரியாத நிறத்தின் முறை வரும்போது அதன் பேரை வாயால் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பார்க்கிறவர் அடுத்த நிறத்துக்குத் தாவிவிட்டதாக நினைப்பார்.

போன வருடம் என் சொந்த டார்ச் ஒன்றை வீடியோ இல்லாமல் அனுப்பினேன். “தண்ணீர் புகுந்திருக்கிறது” என்று ஒரே வரியில் மறுத்துவிட்டார்கள். அது தண்ணீர் பக்கமே போகாத டார்ச். அதை நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து வீடியோ எடுக்காமல் யாருடைய டார்ச்சையும் நான் அனுப்புவதில்லை.

டார்ச்சோடு பேட்டரியையும் அனுப்பணுமா?

முதலில் கம்பெனியிடம் கேளுங்கள். லித்தியம் பேட்டரியை விமானத்தில் அனுப்பக் கட்டுப்பாடு உண்டு, சில கூரியர்கள் வாங்கவே மாட்டார்கள். சாதாரண செல்லை எடுத்துவிட்டு அனுப்புங்கள், வழியில் ஒழுகினால் பழி உங்கள் மேல் விழும். கூரியர் ரசீதைப் படம் எடுத்து அதே மின்னஞ்சலுக்குப் பதிலாக அனுப்புங்கள்.

மாற்று டார்ச் வந்துவிட்டது அண்ணா! ரொம்ப நன்றி. வேறு ஏதாவது பார்க்கணுமா? (ஏலகிரி)

சந்தோஷம்! சிவப்பு எரிகிறதா என்று மட்டும் பார்த்து நிறுத்திவிடாமல், எல்லா நிறத்தையும் பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள். ஈயப்பற்றில் விரிசல் இருந்தால் சூடேறிய பிறகுதான் மினுக்கும். புது வரிசை எண்ணைப் பழைய பில்லின் பின்னால் எழுதி வையுங்கள். வாரன்டி இன்றிலிருந்தா, முதலில் வாங்கிய தேதியிலிருந்தா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.