வெளிச்சம் பட்டா அடங்குற கண்ணு செல்லு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் சார். நான் பகாவ் பக்கத்துல இன்னும் பால்மரம் வெட்டுறவன். விடியுறதுக்கு முன்னாடி ரோட்டோர கடையில டியூப் லைட்டு கீழ உக்காந்து கோப்பி குடிச்சிட்டு மோட்டர் சைக்கிளை எடுத்துக்கிட்டு காட்டுக்குள்ள இறங்குனா கொஞ்ச நேரத்துக்கு ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது, அப்புறம் தன்னால சரியாயிடுது. இதை மககிட்ட சொன்னேன், எஸ்டிபிஎம் (ஆறாம் படிவம்) படிக்குது, அது பாட்டுக்கு "அப்பா, கண்ணுல இருக்கிற செல்லு இருட்டுலதான் வேலை செய்யுது, வெளிச்சம் பட்டா அடங்கிடும்னு புக்குல போட்டிருக்கு"ங்குது. அது எப்படி சார், அச்சுப் பிழையா?

பதில்: அச்சுப் பிழை இல்லைங்க, புள்ள சரியாத்தான் படிச்சிருக்கு. "வேலை செய்யுது"ன்னு சொல்றதை மட்டும் "சேதிப்பொருளை விட்டுக்கிட்டே இருக்கு"ன்னு மாத்திக்கலாம். கண்ணுக்குள்ள பின்பக்கம் இருக்கிற விழித்திரையில குச்சி செல்லு, கூம்பு செல்லுன்னு ரெண்டு வகை இருக்கு. மங்கலான வெளிச்சத்துக்கு குச்சி, பகலுக்கும் கலருக்கும் கூம்பு. குச்சி மட்டும் ஒரு கண்ணுல கிட்டத்தட்ட 10 கோடி இருக்கும், கூம்பு சில பத்து லட்சம்தான். இருட்டுல இருக்கும்போது இந்த செல்லோட தோல்ல சின்னச் சின்ன வாசல் திறந்தே கிடக்கும், சோடியம் உள்ள வந்துக்கிட்டே இருக்கும், செல்லுக்குள்ள மின் அழுத்தம் மைனஸ் 40 மில்லிவோல்ட் கிட்ட நிக்கும், கீழ்முனையில இருந்து குளுட்டமேட்டுங்கற பொருள் அடுத்த செல்லுக்கு நிக்காம கசிஞ்சுக்கிட்டு இருக்கும். வெளிச்சம் விழுந்துச்சுன்னா குச்சி செல்லுல வெளிச்சத்தைப் பிடிக்கிற ரோடாப்சின்ங்கற பொருள்ல மடங்கி உக்காந்திருக்கிற ரெட்டினால் மூலக்கூறு நிமிர்ந்துக்கும். அதுல இருந்து வரிசையா வேதி மாற்றம் நடந்து வாசலைத் திறந்து வெச்சிருக்கிற சைக்ளிக் ஜிஎம்பிங்கற பொருள் குறைஞ்சு, திறந்திருந்த வாசல் மூடிக்கும், அழுத்தம் மைனஸ் 70 பக்கமா இறங்கும், குளுட்டமேட் குறைஞ்சிடும். இந்த "குறைஞ்சிடுச்சு"தான் சேதியே. ராத்திரி கண்ணுக்கு ஓய்வுன்னு நாம நினைக்கிறோம், ஆனா விழித்திரை இருட்டுலதான் பகலை விட அதிகமா ஆக்சிஜன் இழுக்குது!

இப்ப உங்க கோப்பி கடை விஷயத்துக்கு வருவோம். பிரகாசமான லைட்டுல உக்காந்திருந்தா நிறைய ரெட்டினால் நிமிர்ந்துபோய் ரோடாப்சின் குறைஞ்சிருக்கும், அது திரும்ப மடங்கி பழைய இடத்துல வந்து உக்காந்தாத்தான் குச்சி செல்லு முழு பலத்தோட வேலை செய்யும். கூம்பு 10 நிமிஷத்துக்குள்ள தன்னால ஆனமட்டும் சமாளிச்சிடும், குச்சிக்கு 20, 30 நிமிஷம் ஆகும். எதிர்ல வர்ற மோட்டர் லைட்டு மாதிரி கொஞ்ச நேர வெளிச்சத்துல அவ்வளவு போகாது, அதனால சீக்கிரம் தெளிஞ்சிடும். தலையில கட்டுற லைட்டுல சிவப்பு ஸ்விட்ச் இருந்தா, காட்டுக்குள்ள நடந்து போறப்ப அதைப் போடுங்க, ஆழ்ந்த சிவப்பை குச்சி செல்லு பெருசா கண்டுக்காது. ஆனா பட்டையை வெட்டுறப்ப வெள்ளை லைட்டுதான் சரி, சிவப்புல ஆழம் பார்த்து கத்தி வெச்சா மரத்துக்குக் காயம் ஆகிடும்லா.

முழுசா தேறிட்டா இந்த குச்சி செல்லு எவ்வளவு கூர்மைன்னு கேட்டீங்கன்னா, 1942ல ஹெக்ட், ஷ்லேர், பிரென்னு மூணு ஆராய்ச்சியாளருங்க ஆளுங்களை இருட்டுல உக்கார வெச்சு மின்னுற மாதிரி லைட்டைக் காட்டிப் பார்த்தாங்க. கணக்குப் போட்டா, வெறும் 5ல இருந்து 14 ஒளித்துகள் குச்சி செல்லுல உறிஞ்சப்பட்டாலே மனுசன் "தெரியுது"ன்னு சொல்றான். அத்தனை செல்லு பரவிக் கிடக்கிற இடத்துல அவ்வளவு கம்மியா விழுந்தா, ஒரு செல்லுக்கு ஒண்ணுக்கு மேல கிடைக்க வாய்ப்பு கம்மி. அதாவது ஒத்தை துகளையே ஒரு செல்லு கண்டுபிடிக்குது.

உங்க மகளுக்கு இன்னொண்ணையும் சொல்லிடறேன், பரீட்சைக்கு உதவும். குச்சி, கூம்புல இருந்து வர்ற குளுட்டமேட்டை பைபோலார் செல்லு வாங்குது. அதுல ஒரு கட்சி குளுட்டமேட் குறைஞ்சா உசுப்பி விடப்படும், அது வெளிச்சம் வந்தா கத்துற கட்சி. இன்னொரு கட்சி குளுட்டமேட் கூடுனா கத்தும், அதாவது இருட்டு வந்தா. ஒரே கூம்பு செல்லு ரெண்டு கட்சிக்கும் சேதி கொடுக்கும். பருந்து நிழல் தரையில ஓடுனா நமக்கு சட்டுனு தெரியுதே, அதுல இந்த ரெண்டாவது கட்சிக்குப் பங்கு இருக்கு. இவங்க எல்லாரும் கடைசியா கேங்ளியன் செல்லுக்கு ஒப்படைக்கிறாங்க, ஒரு கண்ணுல அது 10 லட்சத்துக்கு கொஞ்சம் மேலதான், அதோட நார்தான் மூளைக்குப் போற பார்வை நரம்பு. 10 கோடி பேர் சொன்னதை 10 லட்சம் பேர் சொல்லணும்னா வடிகட்டித்தானே ஆகணும்?

எப்படி வடிகட்டுதுன்னு 1953ல ஸ்டீஃபன் கஃப்லர்ங்கற ஆராய்ச்சியாளர் பூனை விழித்திரையில காட்டினார். சின்ன புள்ளி லைட்டை ஒரு கேங்ளியன் செல்லோட நடு வட்டத்துல போட்டா படபடன்னு துடிக்குது, அதே லைட்டை சுத்துவட்டத்துல போட்டா அடங்கிடுது (சில செல்லு நேர்மாறா இருக்கு). நடு, சுத்து ரெண்டுக்கும் சேர்த்து லைட்டைப் போட்டா பெருசா ஒண்ணும் இல்ல. நல்ல கங்காணி இருந்தா இப்படித்தான், எல்லா நிரையும் ஒரே மாதிரி இருந்தா துரைகிட்ட போய் சொல்ல ஒண்ணும் இருக்காது, எந்த நிரை பக்கத்து நிரையோட ஒத்துப்போகலையோ அதைத்தான் போய் சொல்வார். பிறகு 1960கள்ல பார்லோ, லெவிக் ரெண்டு பேரும் முயல்ல வேற ஒண்ணைக் கண்டாங்க, சில கேங்ளியன் செல்லு ஒரு பக்கமா நகர்ற பொருளுக்கு மட்டும் துடிக்குது, எதிர்ப்பக்கமா நகர்ந்தா பேசாம இருக்குது. மூளைக்குப் போகுறதுக்கு முன்னாடியே இத்தனை வேலை நடந்துடுது, கண்ணை கேமரான்னு சொல்றவங்களுக்கு எனக்கு உடன்பாடு இல்ல.

கேள்வி: அப்பாவுக்கு ரெண்டு கண்ணும் தெரியாது சார். ஆனா ஜன்னல் பக்கம் வெயில் வந்தா எழுந்துடுறாரு, ராத்திரி சரியா தூக்கம் வருது. எப்படி?
(ஒரு வாசகி, ரொம்பின்)

பதில்: அவருக்குக் காது, பழக்கம், வெயில் சூடு எல்லாமும் உதவும்மா, ஆனா அது மட்டும் இல்லாம இருக்கலாம். கேங்ளியன் செல்லுல சிலது மெலனோப்சின்னு ஒரு பொருளை வெச்சுக்கிட்டு தானாவே வெளிச்சத்தை உணரும், நீல வெளிச்சத்துக்கு நல்லா பதில் கொடுக்கும். குச்சி, கூம்புக்கு நேர்மாறா வெளிச்சம் பட்டா இது எழுந்துக்குது. 2002ல எலி விழித்திரையில பெர்சன் குழு இதை நிரூபிச்சாங்க. இது படம் காட்டுறதுக்கு இல்ல, பகலா ராத்திரியான்னு மூளைக்கு சொல்றதுக்கும் கண்ணு பாப்பாவைச் சுருக்குறதுக்கும். குச்சியும் கூம்பும் கெட்டுப்போயும் இது மிஞ்சி இருக்கிற ஆளுங்க உண்டு. விழித்திரையோ பார்வை நரம்போ மொத்தமா போயிருந்தா இது வேலைக்கு ஆகாது. எதுன்னு டாக்டர்தான் பார்த்து சொல்லணும். பகல்ல அவரை வாசல்ல உக்கார வைங்க, ராத்திரி லைட்டை அணைச்சிடுங்க, அவருக்குத் தெரியாதுன்னு எரிய விடாதீங்க.

கேள்வி: மங்கலான நட்சத்திரத்தை நேரா பார்த்தா மறையுது, ஓரக்கண்ணால பார்த்தா தெரியுது. கண்ணு கெட்டுப்போச்சா?

பதில்: இல்ல. பார்வையோட நடு மையத்துல கூம்புதான், குச்சி கிடையாது. ஓரத்துலதான் குச்சி. எல்லாருக்கும் அப்படித்தான்.

கேள்வி: தோட்டத்துல இத்தனை செம்பனை இருக்கு, அந்த எண்ணெய் கண்ணுக்கு நல்லதுங்கறாங்களே சார்?

பதில்: ரெட்டினால் வைட்டமின் ஏல இருந்து வருது, அது குறைஞ்சா மாலைக்கண் வரும். சுத்திகரிக்காத சிவப்பு செம்பனை எண்ணெயில அதுக்குத் தேவையான கரோட்டின் நிறைய இருக்கு, ஆனா நம்ம அடுப்புல ஊத்துற மஞ்சள் எண்ணெயில சுத்தம் பண்ணும்போதே அது போயிடுது. முருங்கைக்கீரையே போதும். ஆனா இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவங்களுக்கு ராத்திரி பார்வை மங்குதுன்னா கீரையை நம்பி உக்காராதீங்க, கண்ணாடி கடையோட நிறுத்தாம கண்ணு டாக்டர்கிட்ட விழித்திரையைக் காட்டுங்க. மருந்து ஊத்தி கண்ணு பாப்பாவை விரிச்சுப் பார்ப்பாங்க, அன்னிக்கு மோட்டரை வீட்டுல விட்டுட்டு யாரையாவது துணைக்குக் கூட்டிட்டுப் போங்க.