பெட்ரோல் அம்பாசடரில் டீசல் இன்ஜின்: மெக்கானிக் மாட்டிவிடுவார், ஆர்.சி.யில் யார் ஏற்றுவார்?

கேள்வி: அப்பா 1988-ல் வாங்கிய பெட்ரோல் அம்பாசடர் இன்னும் எங்கள் வீட்டில் ஓடுகிறது. ஆர்.சி. 2028 வரை புதுப்பித்திருக்கிறோம். மாதம் 600 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். லிட்டருக்கு 9 கிலோமீட்டருக்கு மேல் கிடைப்பதில்லை. பழைய இசுஸு டீசல் இன்ஜின் ஒன்றை 1,40,000 ரூபாய்க்கு மாட்டித் தருவதாக ஒரு மெக்கானிக் சொல்கிறார். ஆர்.சி.யில் டீசல் என்று மாற்றிக் கொடுக்க அவருக்குத் தெரிந்த ஒருவர் தனியாக 25,000 கேட்கிறார். செய்யலாமா? – வாசகர், பொள்ளாச்சி.

பதில்: வேண்டாம். மெக்கானிக்கைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அம்பாசடரின் பானெட்டுக்குள் எந்த இன்ஜினையும் உட்கார வைக்கத் தெரிந்தவர்கள் கொங்குப் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். என் கவலையெல்லாம் அந்த 25,000 ரூபாய்க்காரரைப் பற்றித்தான்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன், ஏனென்றால் இப்போது இருக்கும் இன்ஜினையே டீசலில் ஓடும்படி செய்ய முடியாதா என்று கேட்பவர்களும் உண்டு. முடியாது. பெட்ரோல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் பொறி வைத்தால்தான் எரியும். டீசலுக்குப் பொறி கிடையாது. காற்றைப் பலமாக அழுத்தி, அந்தச் சூட்டிலேயே எரிய வைக்கிறார்கள். உங்கள் இன்ஜின் காற்றை ஏழெட்டு மடங்குதான் அழுத்தும். அதே 1489 சிசி அளவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1980 வாக்கில் அம்பாசடருக்குக் கொடுத்த டீசல் இன்ஜின் சுமார் 23 மடங்கு அழுத்தியது. அந்த அழுத்தத்தைத் தாங்கும் பிளாக்கும் பிஸ்டனும் கிராங்க்கும் உங்கள் இன்ஜினில் இல்லை. ஆகவே மாற்றுவது என்றாலே முழு இன்ஜினையும் இறக்கிவிட்டு வேறொன்றை ஏற்றுவதுதான்.

சட்டத்தின் சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறித்துக் கொடுத்த விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரம் மாறும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே அழுத்திச் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தத்தில் தண்டனையும் வந்தது: அனுமதிக்கப்படாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

"சார், அதே பிரிவிலேயே வேற எரிபொருளுக்கு மாத்திக்கலாம்னு இருக்கே" என்று அந்த 25,000 ரூபாய் புரோக்கர் சொல்வார். சொல்லாவிட்டால்தான் ஆச்சரியம். அந்த வரி உண்மையிலேயே இருக்கிறது. பேட்டரி, சிஎன்ஜி, சூரிய சக்தி, எல்பிஜி அல்லது வேறு எரிபொருளில் ஓடுவதற்காக, 'கன்வெர்ஷன் கிட்' பொருத்தி, விதிகளில் சொன்ன நிபந்தனைகளின்படி மாற்றலாம் என்கிறது அது. புரோக்கர் 'வேறு எரிபொருள்' என்பதை மட்டும் விரலால் தொட்டுக் காட்டுவார், 'கிட்' என்பதைத் தாண்டிப் போய்விடுவார். புனேயில் உள்ள ஏஆர்ஏஐ, மானேசரில் உள்ள ஐகேட் மாதிரியான சோதனை நிலையம் ஒன்று பரிசோதித்துச் சான்றிதழ் கொடுத்த சாமான்தான் கிட். பெட்ரோல் காரை டீசலாக்க அப்படி ஒரு கிட் கிடையாது. சென்னை புதுப்பேட்டையிலோ கோவை உக்கடத்திலோ பழைய சாமான் கடையில் எடுத்த இன்ஜினுக்கு யார் சான்றிதழ் தருவார்கள்? 2022-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதியும் டீசல் இன்ஜினை எடுத்துவிட்டு சிஎன்ஜி, எல்பிஜி இன்ஜின் போடத்தான் வழி செய்தது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று இதிலேயே தெரியவில்லையா?

"கம்பெனியே டீசல் அம்பாசடர் வித்தாங்களே, அதே பாடிதானே" என்பது அடுத்த வாதம். அதே பாடிதான். ஆனால் உங்கள் சேஸிஸ் நம்பருக்குக் கம்பெனி கொடுத்த காகிதத்தில் பெட்ரோல் என்று இருக்கிறது. பக்கத்து வீட்டு அம்பாசடரின் காகிதத்தில் டீசல் என்று இருப்பதால் உங்களுக்கு எதுவும் மாறாது.

சரி, பிறகு 25,000 எதற்கு? எனக்குத் தெரிந்து இந்த வேலை மூன்று விதமாக நடக்கும். ஒன்று, பணத்தை வாங்கிக்கொண்டு, "விண்ணப்பம் போயிருக்கு, மேல பார்க்கிறாங்க" என்று வருஷக்கணக்கில் இழுப்பது. இரண்டாவது, பழைய ஆர்.சி. புத்தகத்தில் ஒரு முத்திரையையும் கையெழுத்தையும் போட்டுக் கொடுத்துவிடுவது. இன்றைக்குப் புத்தகத்தை யாரும் பார்ப்பதில்லை. 'வாகன்' என்ற அரசின் வண்டிப் பதிவுக் கணினியில் எரிபொருள் பெட்ரோல் என்றே நிற்கும், கையில் இருப்பதோ போலி ஆவணம். பிடிபட்டால் வண்டியை மாற்றிய வழக்கோடு மோசடி வழக்கும் சேர்ந்துகொள்ளும், அதுவும் உங்கள் பெயரில். முத்திரை குத்தியவரின் பெயர் எங்கேயும் இருக்காது. மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பயம்: உங்கள் பழைய இன்ஜின் நம்பரையே புது இன்ஜினில் பஞ்ச் செய்து, "யாருக்கும் தெரியாது" என்பது. அதற்குச் சம்மதித்துவிடாதீர்கள். நம்பரை அரைத்துத் திரும்ப அடித்த இன்ஜினைப் பார்த்தால் போலீசுக்கு முதலில் தோன்றுவது திருட்டு வண்டிதான். அந்த இன்ஜின் உண்மையிலேயே திருட்டு வண்டியிலிருந்து வந்திருந்தால், பில் இல்லாமல் வாங்கிய நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?

வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். இணையதளத்தில் வாகன மாற்றத்துக்கு என்று ஒரு விண்ணப்பம் இருக்கிறது. எந்த மாற்றத்துக்கு அது செல்லும், எதற்குச் செல்லாது என்று சாதாரண ஆளுக்குப் புரியும்படி தமிழில் நான்கு வரி எழுதிக் கவுன்ட்டர் பக்கத்தில் ஒட்டினால் வாசலில் நிற்கும் புரோக்கர்களில் பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஒட்டமாட்டார்கள். 'முடியாது' என்பதை வாயால் சொல்லக்கூட அங்கே ஆள் இல்லை. "பார்க்கலாம், அப்புறம் வாங்க" என்பார்கள். அந்த 'அப்புறம்'தான் புரோக்கருக்குச் சோறு போடுகிறது.

இவ்வளவையும் படித்துவிட்டு, "எங்க சித்தப்பா வண்டியில அப்பவே மாத்தினாரே, ஆர்.சி.யிலும் டீசல்னு ஏறியிருக்கே" என்று நீங்கள் கேட்கலாம். அது உண்மையாகவே இருக்கலாம். இந்த விதிவிலக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைக் காட்டித்தான் பலரையும் ஏமாற்றுகிறார்கள். 1988 சட்டம் முதலில் வந்தபோது 52-வது பிரிவு வேறு மாதிரி இருந்தது. பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து, அவர் ஒப்புதல் வாங்கினால் மாற்றலாம் என்றிருந்தது. அப்போது டீசல் விலை பெட்ரோலில் பாதியை ஒட்டித்தான். ஆகவே வாடகைக்கு ஓட்டியவர்களும் தோட்டக்காரர்களும் பெட்ரோல் அம்பாசடரையும் ஜீப்பையும் வரிசையாக டீசலாக்கினார்கள். ஆர்டிஓவும் முறைப்படி எண்ட்ரி போட்டுக் கொடுத்தார். 2000 ஆகஸ்டில் திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் அந்தக் கதவு மூடிவிட்டது. அதற்கு முன் ஒப்புதலோடு மாற்றிய வண்டி இன்றும் செல்லும். அப்படி ஒன்றை யாராவது விற்க வந்தால் மூன்றைச் சரிபாருங்கள்: எண்ட்ரியின் தேதி 2000 ஆகஸ்டுக்கு முந்தையதா, அதில் உள்ள இன்ஜின் நம்பர் பிளாக்கில் இருக்கிறதா, வாகன் பதிவில் எரிபொருள் டீசல் என்று வருகிறதா. பழைய புத்தகங்களைக் கணினியில் ஏற்றியபோது இந்த எண்ட்ரி விடுபட்டுப் போயிருக்கலாம்; அப்படியானால் விற்பவரே அலைந்து அதைச் சரிசெய்து தரட்டும். சித்தப்பா வண்டிக்கு இருக்கும் அந்த உரிமை உங்கள் வண்டிக்கு ஒட்டிக்கொள்ளாது. அவர் மாற்றிய வருஷம் வேறு, இந்த வருஷம் வேறு.

காகிதத்தை விட்டுவிடுங்கள், கணக்காவது கட்டுமா? இப்போது உங்களுக்கு மாதம் 67 லிட்டர் பெட்ரோல், ஏறக்குறைய 6,700 ரூபாய். டீசலில் லிட்டருக்கு 13 கிலோமீட்டர் கிடைத்தால் 46 லிட்டர், 4,250 ரூபாய் வரும். மிச்சம் மாதத்துக்கு 2,450. மெக்கானிக்குக்கும் புரோக்கருக்கும் சேர்த்து 1,65,000 கொடுத்தால் போட்ட பணம் திரும்பவே ஐந்தரை வருஷம் ஆகும். அதற்குள் 2028 வந்துவிடும். ஆர்.சி. புதுப்பிக்கும்போது ஆய்வாளர் இன்ஜின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் பார்ப்பார். அன்றைக்கு வண்டி நின்றுவிடும். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்த பிறகு, சென்னையில் இரண்டுக்கும் வித்தியாசம் சில வருஷமாக லிட்டருக்கு எட்டு ரூபாய் சொச்சம்தான். சித்தப்பா காலத்துக் கணக்கு இப்போது உதவாது.

மெக்கானிக் சொன்ன 1,40,000-த்தில் அடங்காத செலவுகளும் வரும். டீசல் இன்ஜின் கனம் அதிகம், முன்பக்க சஸ்பென்ஷன் தாழும், ஸ்டியரிங் திருப்பக் கனமாகும். பெரிய பேட்டரி, பெரிய ரேடியேட்டர், மிச்ச டீசல் டேங்குக்குத் திரும்பும் குழாய் என்று ஒவ்வொன்றாக வரும். முக்கியமானது பிரேக். உங்கள் வண்டியில் பிற்பாடு பிரேக் பூஸ்டர் மாட்டியிருந்தால், அது பெட்ரோல் இன்ஜின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடத்தில்தான் வேலை செய்கிறது. டீசல் இன்ஜினில் அந்த வெற்றிடம் கிடைக்காது. தனியாக வேக்குவம் பம்ப் வேண்டும். அவசர மெக்கானிக் இதை விட்டுவிட்டால் ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறிவிடுவீர்கள். இறங்கும்போதுதான் பெடல் கல்லாக இருப்பது தெரியும்.

விபத்து என்று ஒன்று நடந்தால் இன்சூரன்ஸ் சர்வேயர் முதலில் பானெட்டைத் திறந்து நம்பரைப் பார்ப்பார். ஆர்.சி.யும் பாலிசியும் பெட்ரோல் என்று சொல்ல, உள்ளே டீசல் இருந்தால் உங்கள் வண்டிச் சேதத்துக்கான க்ளெய்ம் நிராகரிக்கப்படும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். புகைச் சான்றிதழிலும் இதே தொல்லைதான். ஆர்.சி.யில் உள்ள எரிபொருளுக்குத்தான் சோதனை, பெட்ரோலுக்கு ஒரு முறை, டீசலுக்கு வேறு. டீசல் வண்டிக்குப் பெட்ரோல் சான்றிதழ் கொடுப்பவரும் உங்கள் புரோக்கரின் கூட்டாளியாகத்தான் இருப்பார்.

இன்னொன்று. உங்கள் வண்டிக்கு 2038-ல் 50 வயது ஆகும். 2021 விதிப்படி 50 வருஷத்தைத் தாண்டிய, அசல் நிலை மாறாத வண்டியை வின்டேஜ் என்று பதிவு செய்யலாம். அசல் இன்ஜினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டால் அந்த வாய்ப்பும் போச்சு.

அப்படியானால் 9 கிலோமீட்டரோடு காலம் தள்ள வேண்டியதுதானா? முதலில் அந்த 9 ஏன் என்று பாருங்கள். நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். கார்புரேட்டரைச் சுத்தம் செய்து, பாயின்ட் இடைவெளி, டைமிங் எல்லாம் வைத்து, பிரேக் ஷூ உரசுகிறதா என்றும் பாருங்கள். ஒன்றரை கிலோமீட்டர் கூடினாலே மாதம் ஏறக்குறைய 950 ரூபாய் மிச்சம், ஆர்டிஓ வாசலை மிதிக்காமல். இப்போது பெட்ரோல் பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதும் நினைவிருக்கட்டும். பழைய கார்களில் இதனால் ஆறேழு சதவீதம் மைலேஜ் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்லியிருக்கிறது. உங்கள் இன்ஜினுக்கு ஒத்துவராத எரிபொருளை அரசு உங்களைக் கேட்காமல் ஊற்றலாம், நீங்கள் எரிபொருளுக்கு ஏற்ற இன்ஜினை மாட்டக் கூடாது. என்ன செய்வது, அப்படித்தான் இருக்கிறது. எத்தனால் பழைய ரப்பர் குழாய்களையும் கார்புரேட்டர் வாஷர்களையும் தின்றுவிடும். அவற்றை எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றிவிடுங்கள், பெட்ரோல் வாடை வந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

அதற்கு மேலும் செலவைக் குறைக்க வேண்டும் என்றால் சான்றிதழ் பெற்ற எல்பிஜி அல்லது சிஎன்ஜி கிட்தான் சட்டப்படியான வழி. அந்தக் கிட்டின் சான்றிதழில் உங்கள் இன்ஜின் சிசி அடங்குகிறதா என்று நீங்களே படித்துப் பாருங்கள், பொருத்தியவரிடம் பில் வாங்குங்கள், ஆர்.சி.யில் ஏறிய பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள். இன்ஜினே தேய்ந்து போயிருந்தால், அதே ரக பெட்ரோல் இன்ஜினை, ஆர்டிஓவிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கி, பில்லோடு போட்டு நம்பரைப் பதியலாம்.

புரோக்கரிடம் ஒரிஜினல் ஆர்.சி.யைக் கொடுத்திருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுத்திருந்தால் முன்பணம் போனாலும் பரவாயில்லை, நாளைக்கே போய் அதை வாங்கிக்கொண்டு வந்து, உள்ளே புதிதாக ஏதாவது எழுதியிருக்கிறதா என்று ஒவ்வொரு பக்கமாகப் பாருங்கள்.