"போன தடவை கிளம்பிப் போய் என்ன கிழிச்சோம்?"

கேள்வி: அக்கா, நாங்க ஃப்ளோரிடால செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல இருக்கோம். சொந்த வீடு, எவாக்குவேஷன் ஜோன் பி (புயல் வந்தா கிளம்பச் சொல்ற வரிசைல ஏ-க்கு அடுத்தது). 2024 அக்டோபர்ல மில்டன் புயல் வந்தப்ப ஏ, பி, சி ஜோன்ல இருக்கவங்க எல்லாரும் கிளம்புங்கன்னு கவுன்ட்டில ஆர்டர் போட்டாங்க. ஊர்ல இருந்து வந்திருந்த மாமனார் மாமியாரையும் ஏத்திக்கிட்டு அட்லாண்டாவுக்கு ஓடினோம், வழி பூரா டிராஃபிக், நிறைய இடத்துல பெட்ரோல் இல்ல, ஹோட்டல்ல ரூம் இல்ல, ராத்திரி பூரா கார்லயே உக்காந்து மாமியாருக்கு ரெண்டு காலும் வீங்கிப் போச்சு. திரும்பி வந்து பாத்தா வீட்டுக்கு ஒண்ணும் ஆகல, கரண்ட் மட்டும்தான் இல்ல. அன்னைல இருந்து வீட்டுக்காரர் "இனிமே எந்தப் புயலுக்கும் நான் கிளம்ப மாட்டேன், 1921க்கு அப்புறம் டாம்பாவுக்கு நேரா ஒண்ணும் வந்ததே இல்ல"ன்னு ஒரே பிடியா நிக்கிறார். மாமனார் நாகப்பட்டினத்துக்காரர், "கஜாவையே பாத்தாச்சு"ன்னு பையன் பக்கம். இந்த ஜூலைல மறுபடி வர்றாங்க. புயல் வருதுன்னு நியூஸ் வந்ததுல இருந்து அது கரை சேர்ற வரைக்கும் மூணு நாலு நாள் வீட்டுல ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாக்குறது இல்ல. இதுல ஊர்ல இருந்து மணிக்கொரு போன் வேற. நான்தான் பயந்தாங்கொள்ளியா?
- பெயர் வேண்டாம், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்

பதில்:

நீங்க பயந்தாங்கொள்ளி எல்லாம் இல்லம்மா. ஆனா உங்க வீட்டுக்காரர் சொல்றதுலயும் பாதி நியாயம் இருக்கு, அதை நீங்க ஒத்துக்கிட்டாதான் மீதிப் பாதியை அவர்கிட்ட பேச முடியும்.

முதல்ல அந்த "ஒண்ணும் ஆகல" கதைக்கு வருவோம். மில்டன் மெக்சிகோ வளைகுடால உருவாகி ரெண்டே நாள்ல உச்ச அளவான கேட்டகரி 5 ஆச்சு, அக்டோபர் 7ம் தேதி காத்து மணிக்கு 180 மைல் வரைக்கும் போச்சு, அப்ப போட்ட கணிப்புல உங்க ஊரை ஒட்டி இருக்கற டாம்பா பே நட்ட நடுவுல இருந்துச்சு. டாம்பா மேயர் டிவில வந்து, வெளியேறச் சொன்ன ஏரியால இருந்தீங்கன்னா செத்துருவீங்கன்னு பச்சையா சொன்னாங்க. 9ம் தேதி ராத்திரி அது கரை ஏறினப்ப கேட்டகரி 3, இடம் சியெஸ்டா கீ, அதாவது உங்களுக்குத் தெற்க. பூமத்திய ரேகைக்கு வடக்க புயல் எல்லாம் கடிகார முள்ளுக்கு எதிரா சுத்தும், அதனால மேற்குக் கரையில ஏறுற புயலுக்குத் தெற்குப் பக்கம் காத்து கடலைக் கரைக்குள்ள தள்ளும், வடக்குப் பக்கம் கரையில இருந்து கடலுக்குத் தள்ளும். நீங்க வடக்குப் பக்கம் மாட்டினீங்க, அதனால டாம்பா பே தண்ணி உள்ள வர்றதுக்குப் பதிலா வெளிய உறிஞ்சிட்டுப் போச்சு. தெற்க வெனிஸ் பக்கம் எல்லாம் கடல் தெருவுக்குள்ள வந்துச்சு. சியெஸ்டா கீக்கும் உங்க ஊருக்கும் நாப்பது மைல் கூட இருக்காதும்மா. அந்தப் புயல் உங்களுக்கு வடக்க ஒரு நாப்பது மைல் தள்ளி ஏறியிருந்தா உங்க வீட்டுக்காரர் இன்னிக்கு வேற கதை சொல்லிக்கிட்டு இருப்பார்.

1921ன்னு சொல்றாரே, அதுதான் அந்தக் கதை. அந்த வருஷம் அக்டோபர் 25ம் தேதி புயல் டார்பன் ஸ்பிரிங்ஸ் பக்கம், அதாவது உங்களுக்கு வடக்க ஏறுச்சு, டாம்பால பத்து அடிக்கு மேல கடல் தண்ணி வந்துச்சு. அதுக்கப்புறம் அவ்வளவு பெரிய புயல் நேரா வரலைங்கிறது உண்மைதான், அங்க இருந்த டோகோபாகா பழங்குடி மக்களோட மண்மேடுகள்தான் ஊரைக் காப்பாத்துதுன்னு உள்ளூர்ல ஒரு நம்பிக்கையே இருக்கு, கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா 2022ல இயன் புயலுக்கும் முதல்ல டாம்பாவைத்தான் சொன்னாங்க, அது கடைசில திரும்பி ஃபோர்ட் மயர்ஸ் பக்கம் போயிடுச்சு. அங்க இருந்தவங்க "டாம்பாவுக்குத்தானே போகுது"ன்னு உக்காந்திருந்தாங்க, மூழ்கிச் செத்தவங்கள்ல வயசானவங்கதான் ஜாஸ்தி. மில்டனுக்கு ரெண்டு வாரம் முன்னாடி வந்த ஹெலீன் உங்க ஊர்ல கரை ஏறக்கூட இல்ல, நூறு மைலுக்கு மேல தள்ளி கடல்லயே கடந்து போச்சு, அதுக்கே உங்க கவுன்ட்டில பத்து பேருக்கு மேல போயிட்டாங்க. மில்டன் வந்துக்கிட்டு இருந்தப்ப ஹெலீன்ல நனைஞ்ச சோஃபாவும் மெத்தையும் இன்னும் தெருவோரம் மலையா குவிஞ்சு கிடந்துச்சு, அதை உங்க வீட்டுக்காரரும் பாத்திருப்பார்ல.

புயல் கணிப்புன்னு டிவில காட்டற அந்த வெள்ளைக் கூம்பு படம் பத்தியும் ஒரு வார்த்தை. அது புயலோட நடுப்புள்ளி எந்த வழியா போகலாம்னு மட்டும்தான் காட்டும், அதுவும் மூணுல ரெண்டு தடவை உள்ள இருக்கும், ஒரு தடவை வெளிய போயிடும். கூம்புக்கு வெளிய இருக்கோம்னா சேஃப்னு அர்த்தம் கிடையாது. கேட்டகரி நம்பரும் காத்து வேகத்துக்கு மட்டும்தான், கடல் எவ்வளவு ஏறும்னு அதுல வராது. உங்க பக்கம் கடல் ரொம்ப தூரம் வரைக்கும் ஆழமே இல்லாம இருக்கறதால சின்ன நம்பர் புயலே பெரிய தண்ணியைக் கொண்டு வந்துரும்.

இப்ப உங்க வீட்டுக்காரர் பக்கம் வரேன். ஓடுறதுலயும் ஆபத்து இருக்குன்னு அவர் நினைச்சா அது தப்பு இல்ல. 2005ல கட்ரீனா முடிஞ்ச மூணு வாரத்துல ரீட்டா வந்தப்ப, டிவில பாத்த பயத்துல ஹூஸ்டன் பக்கம் இருந்து லட்சக்கணக்கான பேர் ஒரே நேரத்துல ரோட்டுல இறங்கிட்டாங்க, அதுல நிறைய பேருக்குக் கிளம்ப வேண்டிய அவசியமே இல்ல. வெயில்ல கார்ல மாட்டி, முதியோர் இல்லத்துல இருந்து கூட்டிட்டுப் போன பஸ் தீப்பிடிச்சு 23 பேர்னு, புயல்ல செத்தவங்களை விட ரோட்டுல செத்தவங்கதான் அதிகம். வயசான ரெண்டு பேரை வச்சுக்கிட்டு ராத்திரி பூரா ஹைவேல நின்ன மனுஷன் "இனிமே இது வேணாம்"னு சொன்னா நான் அவரைத் திட்ட மாட்டேன்.

ஆனா அவர் வேணாம்னு சொல்றது அந்த அட்லாண்டா பயணத்தைத்தான்னு எனக்குத் தோணுது, நீங்க ரெண்டு பேரும் அதையும் பாதுகாப்பையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிறீங்க. வீட்டுல இருக்கணும், இல்லன்னா அட்லாண்டா போகணும், ரெண்டே வழிதான்னு யாரு சொன்னா? ஃப்ளோரிடால புயல்னா "தண்ணிகிட்ட இருந்து ஓடு, காத்துகிட்ட இருந்து ஒளிஞ்சுக்கோ"ன்னு ஒரு சொலவடை உண்டு. நீங்க விலக வேண்டியது தண்ணிகிட்ட இருந்து, அதுக்கு நூத்துக்கணக்கான மைல் தேவையே இல்ல, பத்து இருபது மைல் போதும்னு அந்த ஊர் அதிகாரிகளே மில்டனப்ப திரும்பத் திரும்பச் சொன்னாங்க. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் உள்ளயே நடுவுல மேடான இடம், எந்த ஜோன்லயும் சேராத ஏரியா இருக்கு. அங்க ஒரு ஃப்ரெண்ட் வீடு, இல்லன்னா பாலம் தாண்டி பிராண்டன், லேக்லேண்ட் பக்கம் யாராவது, கெட்டியான வீடா இருந்தாப் போதும். ஒண்ணு மட்டும் பாருங்க, அந்த வீடு ஆத்தோரமோ ஏரியோரமோ இருக்கக் கூடாது, மில்டன் மழைக்கு உள்ள தள்ளி இருந்த இடங்கள்லயும் வெள்ளம் வந்துச்சு, உங்க ஊர்லயே ஒரே நாள்ல 18 இன்ச்சுக்கு மேல கொட்டுச்சே. மாமியாருக்குக் கால் பிரச்சனை, சுகர் இருந்தா கவுன்ட்டில ஸ்பெஷல் நீட்ஸ் ஷெல்டருக்கு (மருத்துவ உதவி தேவைப்படறவங்களுக்கான முகாம்) முன்கூட்டியே பேர் குடுத்து வைக்கலாம், அதை ஜூலைல அவங்க வந்து இறங்கின வாரமே பண்ணிருங்க.

இதை எப்பப் பேசணும்கிறதுதான் உங்க வீட்டுல மெயின் பிரச்சனைன்னு நினைக்கிறேன். புயல் வளைகுடால சுத்திக்கிட்டு இருக்கறப்ப உக்காந்து முடிவெடுக்காதீங்க, அப்ப யாரு ஜெயிக்கிறதுன்னுதான் பேச்சு போகும், வீடு எவ்வளவு உயரத்துல இருக்குன்னு போகாது. புயல் சீசன் ஜூன் 1ல இருந்து நவம்பர் 30 வரைக்கும், அது தொடங்கறதுக்கு முன்னாடியே ஒரு நல்ல ஞாயித்துக்கிழமை மத்தியானம் பேசி ஒரு பேப்பர்ல எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டுங்க: பி ஜோனுக்கு ஆர்டர் வந்தா அன்னிக்கே கிளம்புறோம், வெளிச்சம் இருக்கறப்பவே, இன்னார் வீட்டுக்கு. ஏ ஜோனுக்கு மட்டும்னா வீட்டுல இருக்கோம். அவ்வளவுதான். அந்தப் பேப்பர்ல நீங்களும் ஒண்ணு விட்டுக் குடுக்கணும், ஆர்டர் வராத புயலுக்கு நீங்க பெட்டி கட்டக் கூடாது, "போலாமா போலாமா"ன்னு நச்சரிக்கவும் கூடாது. அவரை உங்க மாமனார் முன்னாடி வச்சுப் பேசாதீங்க, அப்பா முன்னாடி எந்தப் பையனும் இறங்கி வர மாட்டான்.

மாமனாருக்கு நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம், உங்க வீட்டுக்காரரே சொல்லட்டும். கஜாவைப் பாத்தவர்ங்கிறது பெரிய விஷயம், அதை யாரும் குறைச்சுப் பேசக் கூடாது. ஆனா நம்ம ஊர் வீட்டுக்கு மொட்டை மாடி இருக்கு, தண்ணி வந்தா மேல ஏறலாம். ஃப்ளோரிடால சுவர் பிளாக்கா இருந்தாலும் மேல மரச்சட்டமும் ஷிங்கிளும்தான், ஏறுனா பரண்ல போய் மாட்டணும், கட்ரீனாவப்ப நியூ ஆர்லியன்ஸ்ல பரண்ல ஏறி வெளிய வர முடியாமச் செத்தவங்க உண்டு. இதைக் கேட்டா அவரே "அப்ப கிளம்பலாம்ப்பா"ன்னு சொல்லுவார்னுதான் எனக்குப் படுது.

காத்திருக்குற அந்த மூணு நாள் பத்தி. கம்ப்யூட்டர் மாடல் கோடு எல்லாம் இடியாப்பம் மாதிரி பின்னிக்கிட்டுக் கிடக்கும், அதை அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா பாத்து ஒரு பிரயோஜனமும் இல்ல. நேஷனல் ஹரிகேன் சென்டர் முழு அறிக்கை விடறது காலைல 5, 11, சாயங்காலம் 5, ராத்திரி 11, அந்த நேரத்துக்கு மட்டும் பாருங்க. நடுவுல கையை பிஸியா வச்சுக்கோங்க. இட்லி மாவு அரைச்சு வைக்காதீங்க, கரண்ட் போனா பொங்கி நாறிடும். அவல், பொரி, சத்துமாவு, பருப்புப் பொடி, ஊறுகா, கிளம்புற அன்னிக்குப் புளிசாதம். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன் தண்ணி. மில்டனுக்கு உங்க ஊர்ல குடிதண்ணி லைனே நின்னு போச்சு, ஞாபகம் இருக்கும். மாமனார் மாமியார் பாஸ்போர்ட், மாத்திரை, டிராவல் இன்சூரன்ஸ் பேப்பர் எல்லாம் ஒரே ஜிப்லாக்ல. எலக்ட்ரிக் கார் இருந்தா கராஜ்ல விட்டுட்டுப் போகாதீங்க, உப்புத் தண்ணி ஏறின பேட்டரி பின்னாடி தீப்பிடிக்குது, ஹெலீன்லயே அப்படி ஆச்சு. ஜெனரேட்டர் வாங்குறேன்னு உங்க வீட்டுக்காரர் குதிச்சா வாங்கட்டும், ஆனா வீட்டுல இருந்து 20 அடியாவது தள்ளி வெளிய வச்சு ஓட்டணும். கராஜ் கதவைத் திறந்து வச்சு உள்ள ஓட்டினாலும் அந்தப் புகை தூங்கறவங்களைக் கொன்னுரும், 2020ல லாரா புயலுக்கு அப்புறம் லூசியானால அப்படிச் செத்தவங்க இருக்காங்க.

இன்சூரன்ஸை இன்னிக்கே எடுத்துப் பாருங்க, நிறைய பேர் கோட்டை விடற இடம் இதுதான். வீட்டு இன்சூரன்ஸ்ல வெள்ளம் வராது, அதுக்குத் தனி பாலிசி, அரசாங்கத்தோட வெள்ளக் காப்பீடு எடுத்தா பொதுவா 30 நாள் கழிச்சுத்தான் அமுலுக்கு வரும், அதனால கூம்பு வந்தப்புறம் போன் பண்ணி ஒண்ணும் ஆகாது. ஃபீமாங்கிற மத்திய அரசுப் பேரிடர் அமைப்போட வெள்ள ஜோனும் எவாக்குவேஷன் ஜோனும் வேற வேற, ஒண்ணுல இல்லன்னா இன்னொண்ணுல இல்லன்னு நினைச்சுக்காதீங்க. ஹரிகேன் டிடக்டிபிள் வீட்டை இன்சூர் பண்ணின தொகையில 2 சதவீதம்னு இருந்தா, 4 லட்சம் டாலருக்கு இன்சூர் பண்ணின வீட்டுக்கு முதல் 8,000 டாலர் உங்க கையில இருந்துதான். உங்க வீட்டுக்காரர்கிட்ட பயத்தைப் பேசறதை விட இந்தக் கணக்கைப் பேசினா சீக்கிரம் காதுல ஏறும்னு நினைக்கிறேன், எஞ்சினியருங்க பாதிப் பேரு அப்படித்தான் (அவர் எஞ்சினியர்னு நீங்க சொல்லல, நானா சொல்றேன்).

ஊர் போன் விஷயம். உங்க ராத்திரி எட்டரைன்னா அவங்களுக்கு மறுநாள் காலைல ஆறு, எழுந்து டிவி போட்டதும் கண்ணு முன்னாடி புயல்தான், அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது. சொந்தத்துல பதட்டப்படாத ஒரே ஒரு ஆளைப் பிடிங்க, உங்க நாத்தனாரோ கொழுந்தனோ யாரா இருந்தாலும் சரி, அவங்களுக்கு மட்டும் நீங்க காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு மெசேஜ் போடுவீங்க, மத்த எல்லாரும் அவங்ககிட்டதான் கேக்கணும்னு ஃபேமிலி குரூப்ல முன்னாடியே எழுதிருங்க. டவர்ல லோடு ஏறினா கால் போகாது, மெசேஜ் தட்டுத் தடுமாறிப் போய்ச் சேரும், சார்ஜும் மிச்சம். மாமியார் போனையும் அந்த நாலு நாள் நீங்களே வாங்கி வச்சுக்கோங்க, அவங்கதான் வாட்ஸ்ஆப்ல வர்ற பழைய சுனாமி வீடியோ எல்லாம் பாத்து பயந்துக்கிட்டு இருப்பாங்க.